ஏஹெச்யுவில் காற்று குறைகிறதா? ஸ்டாட்டிக் பிரஷரைப் பிரித்துப் பாருங்கள்

ஏஹெச்யு என்பது காற்றை வடிகட்டி, குளிர்வித்து, டக்ட் (காற்றுக் குழாய்) வழியே அனுப்பும் பெட்டி. காற்று போதவில்லை என்று புகார் வந்ததும் விஎஃப்டியில் (ஃபேன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வேகத்தை ஏற்றுவதுதான் பலரின் முதல் வேலை. வேகம் 10% கூடினால் மோட்டார் இழுக்கும் பவர் சுமார் 33% கூடும். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது காற்று டக்ட்டின் சுவரில் தரும் அழுத்தம், எங்கே தொலைகிறது என்பதை முதலில் பாருங்கள்.

கருவிகள்: டிஜிட்டல் மானோமீட்டர் (அழுத்தமானி), ஹோஸ், ஸ்டாட்டிக் டிப் (பக்கவாட்டில் துளைகள் உள்ள முனை). முள் காட்டும் மேக்னஹெலிக் கேஜ் ஃபில்டரில் நிரந்தரமாக மாட்டி வைக்க அருமையானது. தேடிப் பிடிக்கும் வேலைக்கு என் ஓட்டு டிஜிட்டலுக்கே.

படி 1: விஎஃப்டியை மேனுவலுக்கு மாற்றி ஒரே வேகத்தில் நிறுத்துங்கள். டேம்பர்கள் (காற்றைத் திறந்து அடைக்கும் தகடுகள்) அசையக்கூடாது, கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். மீட்டரை ஜீரோ செய்யுங்கள்.

படி 2: நான்கு இடங்களில் துளை: ஃபில்டருக்கு முன், ஃபில்டருக்கும் காயிலுக்கும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுப்பு) நடுவில், காயிலுக்கும் ஃபேனுக்கும் நடுவில், ஃபேனைத் தாண்டி சப்ளை டக்ட்டில். துளை போடுமுன் உள்ளே காயில் குழாயோ வயரோ இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 3: இங்கேதான் கணக்கு கெடும். டிப்பின் முனை காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அழுத்தத்தை வாங்குவது பக்கவாட்டுத் துளைகள். டிப் இல்லாமல் வெறும் ஹோஸ் முனையைக் காற்றுக்கு எதிரே நீட்டினால் வேகத்தின் அழுத்தமும் சேர்ந்துவிடும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது மட்டுமே 60 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). அடுத்தது மைனஸ் குறி. ஃபேனுக்கு முன்னால் எல்லா அளவும் மைனஸில்தான் வரும், மீட்டர் பழுது என்று எண்ண வேண்டாம்.

ஓர் உதாரணம், நான்கு துளைகளிலும் வரிசையாக, பாஸ்கலில்: −60, −180, −330, +250. ஃபில்டர் தின்பது (அதன் இரு பக்க அளவுகளின் வித்தியாசம்) 120, காயில் 150. ரிட்டர்ன் பக்கம் 60, சப்ளை பக்கம் 250. ஃபேன் மொத்தமாகத் தாங்குவது 580 பாஸ்கல். இந்த 580-ஐ மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பினால் ஒன்றும் புரியாது. பிரித்த எண்களை டிசைன் ஷீட்டோடு (ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தின்ன வேண்டும் என்ற கணக்கு) ஒப்பிட வேண்டும்.

ஃபில்டரும் காயிலும் தின்பது குறைந்து, சப்ளை அழுத்தம் மட்டும் எகிறினால் டக்ட்டில் அடைப்பு: தீ பரவாமல் தடுக்கும் ஃபயர் டேம்பர் மூடியிருக்கலாம். எல்லாமே குறைந்திருந்தால் குற்றவாளி ஃபேன்: பெல்ட் நழுவல், அழுக்கேறிய பிளேடு, அல்லது தலைகீழ்ச் சுழற்சி. சென்ட்ரிஃப்யூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று முன்னால்தான் வரும், அளவுதான் குறையும். அதனால் கையை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபில்டரும் காயிலும் அதிகம் தின்று சப்ளை அழுத்தம் சரிந்திருந்தால், டக்ட் எங்கேயோ பிரிந்து காற்று கொட்டுகிறதா என்று தேடுங்கள்.

பின்சேர்க்கை: "காயிலில் அளவு டிசைனைவிடக் குறைவு, அப்படியானால் சுத்தம்தானே?" என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. அழுத்த இழப்பு ஏறக்குறைய காற்றளவின் வர்க்கத்தில் மாறும். காற்று 80 சதவீதமாகக் குறைந்தால், டிசைனில் 150 தின்னும் காயில் 96-தான் தின்ன வேண்டும். அங்கே 140 வந்தால் காயில் அழுக்கு. ஈரக் காயில் காய்ந்த காயிலைவிட அதிகம் தின்னும். ஷீட்டில் எது கொடுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஃபேன் வாயருகே எண் நிலைகொள்ளாமல் துள்ளுகிறது என்றார் இன்னொருவர். அங்கே காற்று சுழன்று வருகிறது. எல்போவைத் தவிர்த்து, நேரான டக்ட்டில் கொஞ்சம் தள்ளித் துளை போடுங்கள்; மீட்டரில் ஆவரேஜ் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.