'ஆய்வே இல்லை' என்று எழுதுமுன்: பப்மெட் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவின் வயல்வேலைக்காரர்களிடையே எலிக்காய்ச்சல் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடுகிறார், ஒன்றும் வரவில்லை. "இப்பகுதியில் ஆய்வே இல்லை" என்று எழுதிவிடுகிறார். கோளாறு தேடிய விதத்தில் இருக்கலாம்.

கேள்வியை முழு வாக்கியமாகத் தட்டாதீர்கள். பப்மெட் சொற்களை 'ஆண்ட்' போட்டே இணைக்கும். ஒன்று இல்லாவிட்டாலும் கட்டுரை விடுபடும். நோய், மக்கள், இடம் என்று பிரித்து, ஒவ்வொன்றின் மாற்றுச் சொற்களையும் 'ஆர்' (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, பிறகு மூன்றையும் 'ஆண்ட்' போட்டுச் சேருங்கள். அடைப்புக்குறி இல்லையென்றால் இடமிருந்து வலமாக வரிசைப்படி கணக்கிடும், தேடலே வேறாகிவிடும்.

அதிகம் கோட்டை விடுவது இடப்பெயரில்தான். ஆங்கிலத்தில் காவிரியை 'சி'யிலும் தொடங்குவார்கள், 'கே'யிலும் தொடங்குவார்கள். தஞ்சாவூர் பழைய கட்டுரைகளில் 'டான்ஜோர்'. திருவாரூரின் முதல் எழுத்துக்குப் பின் 'ஹெச்' சிலர் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். மாவட்டங்களும் மாறின: தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை உருவாயின. மன்னார்குடிப் பக்கம் 1980களில் நடந்த ஆய்வென்றால் அதில் தஞ்சாவூர் மாவட்டம் என்றுதான் இருக்கும்.

இன்னொரு சிக்கல்: வெறுமனே தஞ்சாவூர் என்று போட்டால், ஆய்வு எங்கு நடந்திருந்தாலும் தஞ்சையில் பணிபுரிபவர்களின் கட்டுரைகள் குவியும். ஆசிரியர் முகவரியிலும் தேடுவதே காரணம். இடப்பெயருக்கு 'டைட்டில்/அப்ஸ்ட்ராக்ட்' புலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எலிக்காய்ச்சலின் ஆங்கிலப் பெயரான லெப்டோஸ்பைரோசிஸ் என்று மேற்கோள்குறியின்றித் தட்டினால், அதற்குரிய மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருள்தலைப்பு) அதன் கீழுள்ள வைல் நோயையும் பப்மெட் தானே சேர்த்துக்கொள்ளும். மேற்கோள்குறியோ நட்சத்திரக்குறியோ போட்டால் அந்த உதவி நின்றுவிடும். அதற்காக மெஷ்ஷை மட்டும் நம்பினால், மெஷ் தலைப்பு இன்னும் இடப்படாத புதுக் கட்டுரைகள் தப்பிவிடும். மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்ப்பதே நல்லது.

வடிகட்டிகளைக் கவனியுங்கள். இலவச முழுக் கட்டுரைக்கான வடிகட்டியை ஒருமுறை போட்டுவிட்டு நீக்காவிட்டால் அடுத்தடுத்த தேடலிலும் அது ஒட்டிக்கொண்டே வரும். கட்டணக் கட்டுரைகள் கண்ணிலேயே படா. 'ஹியூமன்ஸ்' வடிகட்டியும் மெஷ்ஷைச் சார்ந்தது, புதியவற்றை விழுங்கிவிடும்.

ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் வரலாற்றுப் பட்டியலின் 'டீடெய்ல்ஸ்' பகுதியை விரித்துப் பாருங்கள். நீங்கள் தட்டியதை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்பது முழுதாகத் தெரியும். அந்த வரியைத் தேதியோடும் கிடைத்த எண்ணிக்கையோடும் ஆய்வேட்டில் சேருங்கள்.