கேசினோவுக்குள் நுழையும் முன் போட வேண்டிய கணக்கு

கேசினோவில் ஜெயிப்பது எப்படி என்று தேடி வந்தவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம், அந்த வித்தை என்னிடம் இல்லை. ஒரு ராத்திரி உள்ளே போய் உட்கார்ந்தால் சராசரியாக எவ்வளவு கரையும் என்று வாசலிலேயே கணக்குப் போடுவது எப்படி என்று வேண்டுமானால் சொல்கிறேன். அந்தத் தொகை போனால் பரவாயில்லை என்று தோன்றினால் போங்கள்.

ரூலெட்டிலிருந்து ஆரம்பிப்போம் (எண் போட்ட குழிகள் உள்ள சக்கரத்தைச் சுழற்றி, பந்து எந்தக் குழியில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம்), ஏனென்றால் கேசினோவின் லாபம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதில்தான் பச்சையாகத் தெரியும் (பூஜ்யக் குழியின் நிறமும் பச்சைதான்). ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரே எண்ணில் கட்டி அது விழுந்தால் 35 மடங்கு கொடுப்பார்கள், கட்டிய பணமும் திரும்ப வரும். சரி, இப்போது 37 எண்களிலும் எண்ணுக்கு 100 வீதம் கட்டிவிடுங்கள். மொத்தம் 3,700 போட்டாயிற்று. பந்து எங்கே விழுந்தாலும் ஜெயித்தது நீங்கள்தான், கைக்கு வருவது 3,600. ஒரு எண்ணைக்கூட விடாமல் கட்டியும் 100 காணாமல் போகிறது பாருங்கள், அதற்குத்தான் ஹவுஸ் எட்ஜ் என்று பெயர், 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு குழி உண்டு, ஆனால் கொடுப்பது அதே 35 மடங்குதான், அதனால் எட்ஜ் 5.26 சதவீதத்துக்கு ஏறிவிடும். மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்களும் இருக்கின்றன, அதில் 7.69. ஆகவே உட்காரும் முன் பூஜ்யங்களை எண்ணிப் பாருங்கள், ஒன்றுக்கு மேல் இருந்தால் வேறு டேபிள். சிவப்பு, கறுப்பு என்று கட்டுவது பாதிக்குப் பாதி என்று நினைப்பவர்கள் அதிகம், அதுவும் 37-ல் 18தான்.

இனி கணக்கு. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், மணிக்கு எத்தனை ஆட்டம், எட்ஜ் எவ்வளவு, மூன்றையும் பெருக்கினால் ஒரு மணி நேரத்தின் விலை வந்துவிடும். ரூலெட்டில் தடவைக்கு 100, மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொண்டால் புரள்வது 4,000, அதில் 2.7 சதவீதம் 108. அதே ஆள் பட்டனை அழுத்தினால் படங்கள் சுழலும் ஸ்லாட் மெஷினுக்குப் போய் தடவைக்கு 20தானே என்று அழுத்த ஆரம்பிக்கிறார், மெஷின் எட்ஜ் 8 சதவீதம் என்று கொள்வோம், ஆறு நொடிக்கு ஒரு தடவை அழுத்தினால் மணிக்கு 600 தடவை, புரள்வது 12,000, போவது 960! கட்டுவது ஐந்தில் ஒரு பங்கு, இழப்பு ஒன்பது மடங்கு. பலருக்கும் பிடிபடாத இடம் இதுதான்: நீங்கள் பையில் கொண்டுவந்த பணத்தில் கேசினோ சதவீதம் எடுப்பதில்லை, டேபிளில் புரண்ட பணத்தில் எடுக்கிறது, ஒரே நோட்டு பத்து முறை போய் வந்தால் பத்து முறையும் எடுக்கும். அதனால் மெதுவாக ஆடுவதே பாதி புத்திசாலித்தனம். டீலர் (டேபிளில் ஆட்டத்தை நடத்தும் கேசினோ ஊழியர்) கார்டைக் கலைத்துக்கொண்டே இருக்கிறாரா, பேச்சுக் கொடுக்கிறாரா, நல்லது.

இது சராசரி என்பதை மறக்க வேண்டாம். ஒரு ராத்திரியில் இரட்டிப்பாகவும் ஆகலாம், மொத்தமும் போகலாம், அந்த ஏற்ற இறக்கம்தானே ஆளை இழுப்பது.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்காரா என்ற சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்று இரண்டு கைகள், எது ஜெயிக்கும் என்று கட்ட வேண்டும்; பேங்கர் மேல் கட்டினால் எட்ஜ் 1.06 சதவீதம், பிளேயர் மேல் 1.24, எட்டு மடங்கு கொடுக்கும் டை (இரண்டும் சமம்) மேல் கட்டினால் 14 சதவீதத்துக்கு மேல், அந்தப் பக்கமே கை போகக் கூடாது. இரண்டு பகடை உருட்டும் கிராப்ஸில், உருட்டுபவர் ஜெயிப்பார் என்று கட்டும் பாஸ் லைன் 1.41. பிளாக்ஜாக்கில் கார்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும்; எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டவணைப்படி பிசகாமல் ஆடினால் எட்ஜ் அரை சதவீதம் அளவுக்குக் குறையும், ஆனால் டேபிள் துணியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: பிளாக்ஜாக் (முதல் இரண்டு கார்டிலேயே 21) விழுந்தால் 3-க்கு 2 என்றால் 100-க்கு 150 வரும், 6-க்கு 5 என்றால் 120தான், அந்த ஒரு வரியே எட்ஜை ஒரு சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிடும். இன்ஷூரன்ஸ் (டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாகக் கட்டும் பணம்) வேண்டுமா என்று டீலர் கேட்டால் வேண்டாம், ஆறு சீட்டுக்கட்டுகள் வைத்து ஆடும் ஆட்டத்தில் அதன் எட்ஜ் 7 சதவீதத்துக்கு மேல். அட்டவணையும் அதிசயம் செய்யாது. உங்கள் கையில் 16, டீலரிடம் 10 தெரிகிறது என்றால் இன்னொரு கார்டு எடுத்தாலும் தோற்கத்தான் அதிக வாய்ப்பு, எடுக்காமல் நின்றாலும் அப்படியே, எடுப்பது நூலிழை அளவு மேல், அவ்வளவுதான். ஏற்கெனவே வெளியே வந்த கார்டுகளை நினைவில் எண்ணிக்கொண்டு பிளாக்ஜாக்கில் ஜெயிக்க முடியும் என்று 1960-களில் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் காட்டினார், உண்மைதான், ஆனால் அப்படி எண்ணுகிறவரைக் கண்டுபிடித்தால் கேசினோ எழுப்பி அனுப்பிவிடும்.

அப்புறம், "ஐந்து தடவை சிவப்பு, இனிமேல் கறுப்புதான்" என்கிற நினைப்பு. நானும் ஒருமுறை டேபிள் பக்கத்தில் நின்று எண்களைக் காகிதத்தில் குறித்து, ஆறு சிவப்பு வந்ததும் கறுப்பில் கட்டியவன்தான், ஏழாவதும் சிவப்பு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மான்டே கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது, இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டிக் கூட்டிக் கட்டியவர்கள் பெரும் பணத்தை விட்டார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கும் முறையும் இதன் தம்பிதான். 100, 200, 400 என்று போனால் ஏழு தோல்வியில் 12,700 போயிருக்கும், எட்டாவதாக 12,800 கட்ட வேண்டும், அதுவும் 100 ஜெயிப்பதற்காக, அதற்குள் டேபிள் லிமிட் (ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் கட்டக்கூடாது என்ற வரம்பு) குறுக்கே வந்து நிற்கும். ஏழு தோல்வி தொடர்ந்து வருவது ஐரோப்பியச் சக்கரத்தில் 106-க்கு ஒரு தடவை. மற்ற 105 தடவையும் 100 ஜெயித்தால் 10,500 சேரும், அந்த ஒரு தடவை 12,700-ஐத் தூக்கிக்கொண்டு போகும்.

பணத்தை எப்படி வைத்துக்கொள்வது? மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வந்துவிட்டதல்லவா, அதைப் போல நாலைந்து மடங்கை ரொக்கமாக எடுத்துக்கொண்டு ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், கடன் வாங்கிய பணமும் அடுத்த மாதச் செலவுக்கான பணமும் அதில் இருக்கக் கூடாது. உள்ளே கடிகாரம் கண்ணில் படாது, போனில் அலாரம் வையுங்கள். ஸ்லாட்டில் 20 கட்டி 8 வந்தாலும் மெஷின் விளக்கெரித்து மேளம் கொட்டும், அது 12 நஷ்டம். ஜெயித்ததைக் கேசினோ பணம் என்று நினைக்காதீர்கள், கைக்கு வந்துவிட்டால் அது உங்கள் பணம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான வாக்கியம் "விட்டதைப் பிடிச்சிட்டுக் கிளம்பிடறேன்" என்பது. அதைச் சொல்லும்போது நாம் கட்டும் தொகை ஏறியிருக்கும், நேரம் நீண்டிருக்கும், எட்ஜ் மட்டும் அதே இடத்தில் இருக்கும், மேலே போட்ட பெருக்கலை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த வாக்கியம் அடிக்கடி வாயில் வருகிறது, இழந்ததை வீட்டில் குறைத்துச் சொல்கிறீர்கள் என்றால் இதை ஒரு பழக்கமாகவே எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் பேசலாம், பல கேசினோக்களிலும் ஆன்லைன் தளங்களிலும் என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே பெயர் கொடுத்துத் தடை போட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு. அந்தப் படிவத்தைத் தோற்ற ராத்திரியில் நிரப்பலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், பகலில், மனசு நிதானமாக இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.