லினக்ஸ் நிறுவும் முன் மடிக்கணினியைச் சோதித்தல்

மடிக்கணினியின் மாடல் பெயரை மட்டும் நம்பி லினக்ஸ் நிறுவுவது சரியன்று; ஒரே பெயரில் விற்கப்படும் இரு கணினிகளில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் இருப்பதுண்டு. ஆகவே, நிறுவ விரும்பும் லினக்ஸ் வகையை (உபுண்டு அல்லது மின்ட்) பென்டிரைவில் எழுதி, கணினியில் உள்ள தரவைத் தொடாமல், அதிலிருந்தே இயக்கிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

முதலில் வைஃபையைப் பாருங்கள். இணைப்புகளின் பட்டியல் தோன்றாவிட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஹைஃபன் கே சேர்த்துக் கொடுங்கள் (lspci -k). ஒவ்வொரு சாதனத்தின் கீழும் அதை இயக்கும் மென்பொருளான கெர்னல் டிரைவரின் பெயர் வரும். வைஃபை சில்லுக்குக் கீழே அந்த வரி இல்லையென்றால் அதற்கு டிரைவர் ஏற்றப்படவில்லை என்று பொருள். பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்குத் தனியுரிம டிரைவரைப் பின்னர் சேர்க்க நேரிடும். அதைப் பதிவிறக்கும்வரை கைப்பேசியின் இணையத்தை யூஎஸ்பி வழியே பெறலாம்.

ஒலி, கேமரா, டச்பேடு ஆகியவற்றை ஒருமுறை இயக்கிப் பார்த்தால் போதும். ஆனால், மூடியை மூடித் திறந்ததும் கணினி உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கைரேகை உணரி இயங்காவிட்டால், என்னைக் கேட்டால், அது பெரிய குறையன்று.

கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டி கண்ணில் படவில்லையெனில், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புகளில்) சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி (RST) முறையில் இருக்கக்கூடும். அதைப் பொதுவான ஏஹெச்சிஐ (AHCI) முறைக்கு மாற்றினால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் தொடங்காமல் போகலாம் என்பதால், முன்னதாகவே கோப்புகளை நகலெடுத்து, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டையும் வேறிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.