மருத்துவர் பார்த்தாயிற்று, குதிரையை வாங்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை பேசி முடிப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது சென்னையில் குதிரை வாங்குவோர் பலருக்கும் தெரிந்ததுதான். அறிக்கை கைக்கு வந்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முதல் தவறு, "டாக்டர், பாஸா, ஃபெயிலா?" என்று கேட்பது. இன்றைய தேதியில் இந்தக் குதிரையிடம் கண்டவை இவை, நீங்கள் சொன்ன வேலைக்கு இவற்றால் இவ்வளவு ஆபத்து உண்டு என்பதற்கு மேல் எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற 12 வயது தரோபிரெட் இனக் குதிரை ஒன்றின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசைநாண் பழைய காயத்தால் தடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளை ஏற்றி மெதுவாக நடக்க அது இன்னும் பல ஆண்டுகள் பயன்படக்கூடும். தடை தாண்டப் பழக்கினால் அதே இடம் மறுபடியும் கிழியலாம். எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லாதவருக்குக் கிடைக்கும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

விற்பவரின் லாயத்துக்கு வழக்கமாக வந்துபோகும் மருத்துவரையே சோதிக்கச் சொல்வது அடுத்த தவறு. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் இரு தரப்புக்கும் அவர் ஒருவரே என்பது சரிப்படாது. அவரிடமிருந்து பழைய சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சோதனைக்கு வேறொருவரை அழையுங்கள். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலேயே இருக்கிறது. குதிரை பார்த்துப் பழகியவர் யார் என்று அங்கே விசாரிக்கலாம்.

வலி மருந்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பதும் பெருந்தவறு. ஃபினைல்பியூட்டசோன் கொடுத்தால் நொண்டும் குதிரையும் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகாட்டும். பிரிட்டனில் சோதனையின்போதே ரத்தம் எடுத்து 6 மாதம் பாதுகாத்து வைப்பது வழக்கம். பின்னால் சந்தேகம் எழுந்தால் அதில் மருந்து இருந்ததா என்று பார்த்துவிடலாம். இங்கும் ரத்தம் எடுக்கக் கேளுங்கள். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பையும் அறிக்கையில் ஒரு வரியாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு நேர்மாறாக, சின்னக் குறைக்கெல்லாம் அஞ்சி நல்ல குதிரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. காலை ஏறத்தாழ ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவைக்கும் சோதனையில், வேலை செய்து பழகிய குதிரைகள் பல முதல் சில அடிகளைச் சற்றே ஒழுங்கற்று வைக்கும். அது எத்தனை அடி நீடித்தது, மறுகாலிலும் அப்படித்தானா, எக்ஸ்ரேயில் தெரிவதும் அதுவும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைவதும் ஏமாற்றும். குளம்பிலும் மூட்டிலும் உள்ள வலி கெட்டித் தரையில்தான் பளிச்சென்று தெரியும். தசைநாண் கோளாறோ இளகிய தரையில் கூடுதலாகத் தெரியக்கூடும். ஆகவே இரண்டு தரையும் வேண்டும், நேர் ஓட்டமும் வட்ட ஓட்டமும் வேண்டும்.

சென்னைக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. அதை நானே செய்திருக்கிறேன். ஜனவரி மாதம், காலை ஆறரை மணி, பனி விலகாத நேரத்தில் சோதனை முடிந்து, அறிக்கையில் ஒரு குறையும் இல்லாத குதிரை அது. மே மாதம் பிற்பகலில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றி, அடியில் கைவைத்துப் பார்த்தேன்; உள்ளங்கை காய்ந்தே இருந்தது. மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து சுருங்கின, நிழலில் நிறுத்தி அரை மணி நேரமாகியும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வை குறைந்து, நாளடைவில் நின்றே போகும். வியர்க்காத குதிரையால் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது, ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஆகவே குளிர்ந்த ஊரிலிருந்தோ குளிர்ந்த மாதத்திலோ வாங்குகிறீர்கள் என்றால், போன கோடையில் அது எங்கே இருந்தது, எப்படி வியர்த்தது என்று கேளுங்கள். முடிந்தால் வெயில் நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சுழி பார்ப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெற்றிச் சுழியை அரை மணி நேரம் ஆராய்பவர், குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நின்ற குதிரையின் குளம்படியில் கருத்த அழுகலும் நாற்றமும் இருந்தால் அது மூக்கிலேயே தெரியும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம்.

அறிக்கையில் உள்ள குறைகளைக் காட்டி விலையைக் குறைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குறைத்து வாங்கினாலும் தீனி, லாடம், மருந்து, லாயக்காரர் சம்பளம் எதுவும் குறையாது.

கடைசியாக, கிளாண்டர்ஸ் சோதனை. கிளாண்டர்ஸ் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய். 2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நோய்களில் ஒன்று. நோய் உறுதியான குதிரையைக் கருணைக்கொலை செய்வதே நடைமுறை. ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு எப்படியும் வந்துவிடும் என்று அதற்குள் லாரியை வரவழைத்து, மற்ற குதிரைகள் நிற்கும் லாயத்தில் புதியதைக் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள். முடிவு வரும்வரை அது விற்பவரிடமே நிற்கட்டும், முன்பணம் போக மீதித் தொகை உங்களிடமே இருக்கட்டும். கொடுத்த முன்பணம் எந்தெந்த முடிவு வந்தால் திரும்ப வரும் என்பதை இருவரும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.