சாக்ஸ்-ஜிம் பாக்ல குளிர்கால பறவை பாக்க போறவங்களுக்கு

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல, டுலூத் நகரத்துக்கு வடமேற்கே, கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், சுமார் 300 சதுர மைல் சதுப்புக் காடு, ஸ்ப்ரூஸ், டாமராக்னு ஊசியிலை மரங்க தான் எங்க பாத்தாலும். டிசம்பர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் போகலாம், ஆனா ஜனவரி பிப்ரவரி தான் என்னோட சாய்ஸ், மைனஸ் 30 டிகிரி கூட போகும், அதுக்கு தயாரா போங்க.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, பறவைய தேடாதீங்க, அதோட சாப்பாட்ட தேடுங்க. அந்த குளிர்ல எந்த பறவையும் சும்மா சுத்தாது, தீனி இருக்கற இடத்துல தான் இருக்கும். பர்ச், ஆல்டர் மரத்துல விதை தொங்குதுன்னா ரெட்போல் கூட்டம் வரும், சின்ன சிவப்பு பழம் காய்ஞ்சு நிக்குற மரம்னா பைன் குரோஸ்பீக், கோன் நிறைய இருந்தா கிராஸ்பில். செத்த ஸ்ப்ரூஸ், டாமராக் மரத்துல பட்டை செதில் செதிலா உரிஞ்சு உள்ள செந்நிறமா தெரியுதா, கீழ பனி மேல அந்த செதில் புதுசா கொட்டிக் கிடக்குதா, அங்கயே நில்லுங்க, பிளாக்-பேக்டு மரங்கொத்தி பக்கத்துல தான் இருக்கும், தட்டுற சத்தம் மெதுவா தான் கேக்கும், ஆணுக்கு உச்சந்தலைல மஞ்சள் பொட்டு.

எல்லாரும் வர்றது கிரேட் கிரே ஆந்தைக்காக தான். டிசம்பர் கடைசில சூரியன் கிட்டத்தட்ட 8 மணிக்கு தான் உதிக்கும், 4:20 வாக்குல மறைஞ்சிடும், அதனால விடியற நேரமும் சாயங்கால கடைசி ஒரு மணி நேரமும் ரோட்டோரமா காரை மெதுவா ஓட்டிக்கிட்டே மர உச்சிய விட்டுட்டு நடுக்கிளைகளையும் வேலிக் கம்பத்தையும் பாருங்க. பாக்க அவ்ளோ பெருசா இருந்தாலும் எடை ஒரு கிலோ சொச்சம் தான், மீதியெல்லாம் இறகு. பனிக்கு அடியில ரெண்டு அடி ஆழத்துல வோல் எலி ஓடுற சத்தத்த காதால கேட்டே பிடிச்சிடும். தலை குனிஞ்சு ஒரே இடத்த உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா அது வேட்டைல இருக்குன்னு அர்த்தம், அப்போ கார் கதவை திறக்கவே திறக்காதீங்க. போட்டோவுக்காக எலி போட்டு கூப்பிடறது, பிளேபேக் (பதிவு பண்ண பறவைக் குரல்) போடறது ரெண்டும் வேண்டவே வேண்டாம், அதோட பசியில விளையாடக் கூடாது. வடக்க எலி குறைஞ்ச வருஷத்துல கூட்டமா தெக்க இறங்கும், 2004-05 குளிர்காலத்துல மினசோட்டாவுக்கே ஆயிரக்கணக்குல வந்துச்சு. எல்லா வருஷமும் அப்படி இருக்காது.

மர உச்சில பகல்லயே நீள வாலோட ஒண்ணு உக்காந்திருந்தா நார்தர்ன் ஹாக் ஆந்தை.

நடுப்பகல் ஃபீடருக்கு, அதாவது பறவைக்கு தீனி வெக்கற இடத்துக்கு. அட்மிரல் ரோடு ஃபீடர், அப்புறம் அவுல் அவென்யூல இருக்கற வெல்கம் சென்டர், ரெண்டும் நல்லா இருக்கும், போனவுடனே அன்னைக்கு யார் எங்க என்ன பாத்தாங்கன்னு கேளுங்க. மான் விலா எலும்ப கட்டி தொங்க விட்டிருப்பாங்க, கனடா ஜே அதுல இருந்து கொழுப்ப பிச்சு, பசை மாதிரி எச்சில்ல உருட்டி, மரப்பட்டை இடுக்குல ஒட்டி வெச்சிட்டு திரும்ப வரும், உக்காந்து பாத்தா நேரம் போறதே தெரியாது. போரியல் சிக்கடீ பழுப்பு தொப்பி போட்டது, கருப்பு தொப்பி சிக்கடீ கூட்டத்தோட வந்து ஒரு கொத்து கொத்திட்டு போயிடும், அதனால தொங்குற கொழுப்பு மேலயே கண்ண வெச்சிருங்க.

காருக்குள்ள ஹீட்டர் ஓடிட்டு இருக்கும்போது கண்ணாடிய இறக்கி படம் எடுத்தா சூடான காத்து லென்ஸுக்கு முன்னாடி அலையடிக்கும், படம் ஷார்ப்பே வராது, ஹீட்டர ஆஃப் பண்ணி கொஞ்சம் விட்டு எடுங்க. ஸ்பேர் பேட்டரிய சட்டைப் பாக்கெட்ல உடம்பு சூட்டுல வெச்சுக்கோங்க. ரூமுக்கு உள்ள போறதுக்கு முன்னாடியே கேமராவ பைக்குள்ள போட்டு ஜிப் மூடிடுங்க, இல்லன்னா உள்ள ஈரம் கோத்துக்கும். ஃபுல் டேங்க், போர்வை, ஆஃப்லைன் மேப், இது மூணும் இல்லாம போகாதீங்க. ரோட்டோர நிலம் நிறைய தனியாருக்கு சொந்தம், அதனால ரோட்ட விட்டு இறங்காதீங்க.

டிசம்பர்ல போறவங்க திரும்பும்போது டுலூத் கனால் பார்க்ல நில்லுங்க, சுப்பீரியர் ஏரி உறையறதுக்கு முன்னாடி சாதா கடற்காகங்களுக்கு நடுவுல இறக்கை நுனி வெள்ளையா இருக்கற கிளாகஸ் வகை இருக்கும்.