முதல் செமஸ்டரில் வார்டுக்குப் போகும் முன்: குமரி மாவட்ட நர்சிங் மாணவர்களுக்கு

பிஎஸ்சி நர்சிங் அட்மிஷன் முடிந்த கையோடு தொடங்க வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மொத்தம் மூன்று ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) அதுவரை காத்திருக்காது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சிறு வயதிலேயே போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து, இனி என்ன செய்ய வேண்டும் என்று கல்லூரியில் கேளுங்கள்.

யூனிஃபார்ம் மூன்று செட் தையுங்கள். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. ஹாஸ்டல் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று வீங்கிய காலுக்குப் பொருந்துவதுதான் வார்டுக்கு உதவும். விநாடி முள் உள்ள கடிகாரம் கட்டாயம் வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரத்தை வீட்டில் வைத்துவிடுங்கள்.

முதல் செமஸ்டரில் எல்லோரும் பயப்படுவது அனாடமிக்கு. எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, வரைந்து, பெயர் எழுதிப் படித்தால் அது வசப்பட்டுவிடும். ஆனால் வார்டில் கைகொடுப்பது நர்சிங் ஃபவுண்டேஷன். ஸ்கில் லேபில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகும் நேரத்தை வீணாக்காதீர்கள்.

கை கழுவுவதிலிருந்து தொடங்குவோம். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. பெரும்பாலும் விட்டுப்போவது கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு. நோயாளியைத் தொடும் முன்பும், தொட்ட பின்பும், அவருடைய கட்டிலையோ மேஜையையோ தொட்டு நகரும்போதும் கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கழுவ வேண்டும்.

நாடி பார்க்க மணிக்கட்டில் நடு மூன்று விரல்களை வையுங்கள். கட்டைவிரலை வைத்தால் உங்கள் நாடியே உங்களுக்குத் தட்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதெல்லாம் பிறகு பார்க்கலாம், இப்போது முழு நிமிடமும் எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் கையை எடுக்காமல், நாடி பார்க்கிற மாதிரியே அடுத்த ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். மூச்சு எண்ணுவது தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அக்குளில் தெர்மாமீட்டர் வைக்கும் முன் வியர்வையை ஒற்றித் துடையுங்கள். ஈரம் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும்.

பிரஷரில்தான் தவறு அதிகம். நோயாளி சாயா குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடும். மேல்கைச் சுற்றளவு 27 முதல் 34 சென்டிமீட்டர் என்றால் வழக்கமான கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) போதும். கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்களில் வலை இழுத்துத் திரண்ட கைகள் உண்டு. 35-க்கு மேல் என்றால் பெரிய கஃப் கேளுங்கள். சின்ன கஃபைச் சுற்றினால் இல்லாத பிரஷர் வந்துவிடும்.

கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். முதலில் ஸ்டெத் வேண்டாம். மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றை ஏற்றி, நாடி மறையும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு காற்றை முழுதாக இறக்கிவிடுங்கள். சிலருக்கு நடுவில் சத்தம் மறைந்து மறுபடி கேட்கும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் அந்த இரண்டாவது சத்தத்தையே மேல் அளவாக எழுதிவிடுவீர்கள். ஒரு நிமிடம் விட்டு, ஸ்டெத்தின் காதுமுனை முன்நோக்கி இருக்கும்படி மாட்டி, அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 வீதம் இறக்குங்கள். முதல் சத்தம் மேல் அளவு, சத்தம் நிற்கும் இடம் கீழ் அளவு.

சத்தம் கேட்கவில்லையா? கேட்கவில்லை என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில் அளவை ஒட்டியோ நேற்றைய சார்ட்டைப் பார்த்தோ 120/80 என்று எழுதிவிடாதீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் மாத்திரை கூட்டுவார்கள், குறைப்பார்கள். கட்டிலில் இருக்கிற பாட்டி "எவ்வளவு மக்ளே?" என்று கேட்டால், "சிஸ்டர்கிட்ட காட்டிட்டுச் சொல்லுதேன் பாட்டி" போதும்.

பெட் போடும்போது விரிப்பை உதறாதீர்கள், தூசியோடு கிருமியும் பறக்கும். எடுத்த விரிப்பைத் தரையில் போடவோ மேலோடு அணைக்கவோ கூடாது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள்.

குப்பைக்கு நான்கு நிறம். ரத்தம் பட்ட பஞ்சும் டிரஸ்ஸிங்கும் மஞ்சள்; ஐவி ட்யூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பு; ஊசி, பிளேடு வெள்ளை டப்பா; கண்ணாடி நீலம். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். அப்போது குத்திவிடும் ஆபத்து அதிகம். குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, அப்போதே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. திட்டுக்குப் பயந்து மறைத்தால் அந்த நேரம் போய்விடும்.

காலை ஷிஃப்டுக்குப் பட்டினியாக வராதீர்கள். புட்டும் பயறுமோ இரண்டு தோசையோ, ஏதாவது வயிற்றில் இருக்கட்டும். முதல் முறை புண் கட்டுவதைப் பார்க்கும்போது மயக்கம் வருவது சகஜம். கண் இருட்டினால் சுவரைப் பிடித்து நிற்காமல் அங்கேயே உட்கார்ந்து தலையைத் தாழ்த்துங்கள். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ரோட்டு நெரிசலைக் கணக்கில் வைத்து ஒரு பஸ் முன்னாலேயே ஏறுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

வருகைப்பதிவு 80 சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். கிளினிக்கல் நேரத்தை மட்டும் பட்டம் வாங்குவதற்குள் நூறு சதவீதமும் முடித்தாக வேண்டும். லீவு போட்ட ஒவ்வொரு வார்டு நாளையும் தேதியோடு குறித்து வைத்து, அந்த செமஸ்டருக்குள்ளேயே ஈடுகட்டக் கேளுங்கள். செய்த ப்ரொசீஜருக்கு லாக் புக்கில் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வார்டு மாறிய பிறகு அதே மேடத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.