கிண்ணத்துக்குள் பொருள் விழ மறுக்கிறதா?

யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் மெய்நிகர் சமையலறை அமைக்கும்போது, கையில் எடுக்கக்கூடிய கிண்ணத்துக்கு ஒரே மெஷ் கொலைடரை (பொருளின் வடிவத்தையே பின்பற்றும் மோதல் எல்லையை) பொருத்தாதீர்கள். அடிக்கு ஒன்று, சுற்றுச்சுவருக்கு எட்டு என்று பாக்ஸ் கொலைடர்களை (பெட்டி வடிவ மோதல் எல்லைகளை) வட்டமாக நிறுத்துங்கள். இயற்பியல் விசைகளுக்கு ஏற்ப நகரும் பொருளின் மெஷ் கொலைடர் குழிவே இல்லாத குவிந்த வடிவில்தான் இருக்க முடியும். அதனால் கிண்ணத்தின் வாய் கண்ணுக்குத் தெரியாமல் அடைபட்டு, போட்ட காய் விளிம்பிலேயே மிதந்து நிற்கும்.

அடியையும் சுவரையும் வெளிப்பக்கமாகத் தடிப்பாக்குங்கள், இது மிக முக்கியம். இயற்பியல் கணக்கீடு நடக்கும் இயல்பான 0.02 விநாடி இடைவெளியில், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் பொருள் ஒரே தாவலில் 10 சென்டிமீட்டர் நகர்ந்து, மெல்லிய சுவரைக் கடந்துவிடும்.

இடம் மாறாத கழுவுதொட்டிக்கு இந்த உழைப்பு வேண்டாம். அங்கே சாதாரண மெஷ் கொலைடரே குழிவைச் சரியாகத் தரும்.